விதைப் பக்கற்றுக்கு அப்பால்: மலையகம் வேண்டி நிற்கும் பொதுத் தோட்டம்

நாட்டின் சந்தைகளுக்குக் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என நாள்தோறும் லொறி லொறியாக மரக்கறி அனுப்பி வைக்கும் மாவட்டம் நுவரெலியா. அதே மாவட்டத்தில்தான் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கின்றனர். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி வளர்ச்சிக் குறைபாடு நாடளாவிய ரீதியில் 17 சதவீதமாக இருந்தபோது தோட்டத்துறையில் 32 சதவீதமாகக் காணப்பட்டது. மண்ணோடு ஐந்தாறு தலைமுறையாக மல்லுக்கட்டி வரும் ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு, அந்த மண்ணில் விளையும் கீரைப்பிடி எட்டாப் பொருளாக இருப்பது ஏன்? இக்கேள்விக்கு நேர்மையான விடை தேடாமல் மலையகத்தின் போசாக்குப் பிரச்சினையைப் பற்றி எவர் பேசினாலும் அது வெறும் உபசார வார்த்தையாகவே முடியும்.

ஹற்றனை அண்மித்த நோட்டன் பிரிட்ஜை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். கெஹெல்கமு ஓயாவுக்குக் குறுக்கே எழுந்த அணைக்கட்டினால் பெயர் பெற்ற சிறு நகரம் இது. 1950 இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான மின்நிலையத்திற்கு நீர் கொடுப்பது இங்குள்ள நீர்த்தேக்கமே. வீதியோரத்தில் நெருங்கி நிற்கும் கடைகள், அவற்றின் பின்புறமும் மேல்மாடியிலும் குடியிருக்கும் வர்த்தகக் குடும்பங்கள், அரச ஊழியர் விடுதிகள், நகரைச் சுற்றி மலைச்சரிவெங்கும் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயன்கள். இதுவே மலையகத்தின் ஏனைய சிறு நகரங்களினதும் சாயல். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் ஒரே விலைக்கு மரக்கறி வாங்குகின்றனர். பாதை தடைப்பட்டால் மூவரது சமையலறையிலும் ஒரே வேளையில் சட்டி காலியாகின்றது.

பாதை தடைப்படுவது கற்பனையன்று. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொண்டு வந்த பெருமழையும் மண்சரிவுகளும் நாடெங்கும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டன. மலையகத்தின் வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அதற்கு முன்னர் 2022 இல் எரிபொருள் இன்றி லொறிகள் நின்றன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின் படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதாவது முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ இரு நூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட ஆயிரம் ரூபாவிலேயே நின்றது. அது 1350 ரூபாவாக உயர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு நெருக்கடிகளும் ஒரே பாடத்தையே புகட்டின: தொலைவிலிருந்து வரும் உணவை மட்டும் நம்பியிருக்கும் சிறு நகரம் ஆபத்தின் விளிம்பில் நிற்கின்றது.

இப்பாடம் புதியதன்று. 1973, 1974 காலப்பகுதியின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நாட்டின் ஏனைய பகுதிகளில் வளவிலிருந்த மரவள்ளியும் பலாவும் ஈரப்பலாவும் கிராமத்து மக்களுக்குக் கைகொடுத்தன. லயன் அறையில் வாழ்ந்தவர்களுக்கோ வளவே இருக்கவில்லை. கண்டிய வீட்டுத்தோட்டம் என்று உலக விவசாய ஆய்வாளர்கள் பாராட்டும் அமைப்பு, பலா, தென்னை, மிளகு, வாழை, கிழங்கு, கீரை எனப் பல அடுக்குகளாக ஒரே வளவில் விளைவிப்பது, இதே மலைநாட்டின் கிராமங்களில்தான் செழித்திருக்கின்றது. அக்கிராமத்துக்கும் லயனுக்கும் இடையே பல இடங்களில் ஒரு வேலியே உண்டு. மழை ஒன்று, மண் ஒன்று. காணி உரித்து மாத்திரம் ஒன்றல்ல.

அரசாங்கங்கள் இதனை முற்றாக மறந்திருந்தன என்று கூறிவிட முடியாது. 2007 இல் 'அபி வவமு - ரட்ட நகமு' என்ற பயிர்ச்செய்கை இயக்கம் ஆரம்பிக்கப்பட்டது. 2011 இல் 'திவிநெகும' திட்டத்தின் கீழ் பத்து இலட்சம் மனைப் பொருளாதார அலகுகள் இலக்காகக் கொள்ளப்பட்டன. 2022 ஜூனில், எரிபொருள் தட்டுப்பாட்டின் மத்தியில், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கி வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அமைச்சரவை தீர்மானித்தது. ஒவ்வொரு தடவையும் விதைப் பக்கற்றுகள் பகிரப்பட்டன, புகைப்படங்கள் எடுக்கப்பட்டன, பிரமுகர்கள் கன்று நட்டனர். ஓராண்டு கழிந்தபின் அக்கன்றுகள் என்னவாயின என்று கேட்பார் எவருமில்லை.

இவ்வியக்கங்கள் நிலைக்காமற் போனமைக்கு இரண்டு காரணங்களை நாம் காண்கின்றோம். முதலாவது, வளவு உள்ளவனை மனதிற் கொண்டே அவை வகுக்கப்பட்டன. இரண்டாவது, பயிர்ச்செய்கை என்பது கற்பிக்கப்பட வேண்டிய ஒரு தொழில் என்பதை அவை ஏற்கவில்லை. மலையகத்தவர் விவசாயம் அறியாதவர்களா என்று சிலர் கேட்கலாம். கொழுந்து பறித்தலும் கவ்வாத்து வெட்டுதலும் அரிய திறமைகளே. எனினும் அவை ஒற்றைப் பயிரின் திறமைகள். தேயிலை விரும்பும் மண்ணைக் கத்தரியும் போஞ்சியும் விரும்புவதில்லை. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான அமிலத்தன்மை உகந்தது. பெரும்பாலான மரக்கறிகளுக்கு ஆறுக்கு மேற்பட்ட அளவு தேவை. தேயிலை பிடுங்கிய நிலத்தில் நேரடியாகக் கத்தரி விதைப்பவர் மஞ்சளித்த செடியையே காண்பார். டொலமைட் இட்டு அமிலத்தைத் தணித்து, மாட்டெருவும் இலைதழையும் சேர்த்த கூட்டெருவினால் மண்ணை மீட்டெடுத்த பின்னரே விதை மண்ணைத் தொட வேண்டும். இதனை எந்த விதைப் பக்கற்றின் பின்புறமும் சொல்லித் தராது.

இரசாயன உர இறக்குமதிக்கு 2021 மே மாதத்தில் ஒரே இரவில் தடை விதித்து, விவசாயிகளின் எதிர்ப்பின் பின் அதே ஆண்டு நவம்பரில் அதனைக் கைவிட்ட அனுபவமும் இதனையே மெய்ப்பிக்கின்றது. சேதனப் பசளை தீயதென்று எவரும் கூறவில்லை. அதனைத் தயாரிக்கவும் பயன்படுத்தவும் கற்பிக்காமலும் போதிய கால அவகாசம் அளிக்காமலும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் மண்ணை மாற்ற முற்பட்டமையே தவறாக அமைந்தது. நெல்லும் தேயிலையும் ஒருங்கே வீழ்ந்தன. கற்பித்தல் இன்றிக் கட்டளையிட்டால் நல்ல நோக்கமும் நாசத்தில் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவேதான் ஒவ்வொரு சிறு நகரத்திலும் கற்பிக்கும் பொதுத் தோட்டம் ஒன்று தேவை என்கின்றோம். நோட்டன் பிரிட்ஜ் போன்ற இடத்தில் கால் ஏக்கர் நிலம் போதும். அங்கே நாற்றுமேடை ஒன்று, கூட்டெருக் குழிகள் இரண்டு மூன்று, மழைநீர்த் தாங்கி ஒன்று, சரிவில் அமைந்த மாதிரிப் பாத்திகள் சில, இடமில்லாதோருக்கான சாக்குப்பை, வாளி, பழைய ரயர் பயிர்ச்செய்கைப் பகுதி ஒன்று. வாரத்தில் இரு நாட்கள் விவசாயப் போதனாசிரியர் அங்கிருக்க வேண்டும். அவர் தமிழில் கற்பிக்க வேண்டும் என்பதை வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம். மொழி புரியாத அறிவுரை மலைக்கு மேல் பெய்து ஓயாவில் கலக்கும் மழை போன்றது. மேலே எவருக்கும் அதனால் பயனில்லை.

இங்கு கற்பிக்க வேண்டியவை எவை? மழையே முதற் பாடம். வட்டவளை, கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ் ஆகியவற்றை உள்ளடக்கிய மேற்குச் சரிவு இலங்கையில் மிக அதிக மழை பெறும் பிரதேசங்களில் ஒன்று. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் தட்டையான பாத்தியில் இட்ட விதை அழுகிவிடும், இல்லையேல் கழுவுண்டு போகும். உயர்த்திய பாத்தியும் நீர் வடியும் கானும் இன்றி இங்கே தக்காளி இல்லை. பருவத்துக்கேற்ற பயிர்த் தெரிவும் இதனுள் அடங்கும். அடைமழைக் காலத்தில் சேம்பும் வல்லாரையும் தாக்குப்பிடிக்கும். மழை தணியும் மாதங்களில் போஞ்சியும் நோக்கோலும் பயற்றங்காயும் பலன் தரும். கறிவேப்பிலையும் கொச்சியும் கூரை விளிம்பிற்குள் வைத்த வாளியிலேயே வளரும்.

இரண்டாம் பாடம் சரிவு. இதனைப் படிப்பிக்காமல் மண்வெட்டியைக் கையில் கொடுப்பது பொறுப்பற்ற செயலாகும். சரிவை மேலிருந்து கீழாகக் கொத்தினால் அடுத்த மழையில் மேல்மண் இறங்கிவிடும். சமவுயரக் கோட்டில் கல்லணை கட்டுதல், கிளிரிசிடியாவை வேலியாக நட்டு அதன் தழையை எருவாக்குதல், வெட்டிவேர்ப் புல் வரிசை, மண்ணை மூடி வைக்கும் பத்திரக்கலவை ஆகியன நம்நாட்டில் நெடுங்காலமாகப் பரீட்சிக்கப்பட்ட முறைகள். மண்சரிவு அபாயம் உள்ளதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்ட சரிவுகளில் பயிர்ச்செய்கைக்கு இடமளிக்கலாகாது. இது மேலுள்ளவர்களின் பாதுகாப்பு மட்டும் சார்ந்த விடயமன்று. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்தே களனி கங்கையாகின்றன. இங்கே கரைந்த மண் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறைக்கின்றது. இங்கே அளவுமீறித் தெளித்த கிருமிநாசினி கொழும்புவாசியின் குடிநீர்க் குழாயை நோக்கியே பயணிக்கின்றது. நுவரெலியாவின் வர்த்தக மரக்கறிச் செய்கையில் இரசாயனங்கள் வரம்பின்றிப் பயன்படுத்தப்படுவதைப் பற்றிய கவலை நெடுநாளையது. பொதுத் தோட்டம் அப்பிழையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இடமாகிவிடக் கூடாது.

மூன்றாவது, விதை. கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை அதே பலனைத் தராது. ஆண்டுதோறும் கடையில் வாங்க வேண்டும். நாட்டுப் பயற்றை, கீரை, பூசணி, கத்தரி ஆகியவற்றின் விதையை முற்றவிட்டு, காயவைத்து, சாம்பல் கலந்து பேணும் அறிவு எமது பாட்டிமாரிடம் இருந்தது. அது முற்றாக அழியுமுன் பொதுத் தோட்டத்தில் அவர்களை ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். நான்காவது, காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும். 2025 மார்ச் 15 ஆம் திகதி பயிர்களை நாசமாக்கும் விலங்குகளை நாடளாவிய ரீதியில் எண்ணும் அளவுக்கு இப்பிரச்சினை முற்றியிருந்தது. தனியொரு குடும்பம் இரவெல்லாம் காவல் காக்க முடியாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேலி இடலாம், முறைவைத்துக் காக்கலாம். கூட்டுத் தோட்டத்தின் பொருளாதாரம் இவ்வேலியில் இருந்தே ஆரம்பமாகின்றது.

உலகில் இதற்கு முன்னுதாரணங்கள் இல்லாமலில்லை. 1991 இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது எண்ணெயும் உரமும் இழந்த கியூபா, ஹவானா நகரின் வெற்று நிலங்களைக் குடிமக்களுக்குப் பயிரிடக் கொடுத்தது. நிலத்தோடு நில்லாமல், விதையும் கருவியும் ஆலோசனையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் கடைகளை நகரின் பகுதிதோறும் திறந்தது. நகர விவசாயம் அங்கே வேரூன்றியதற்கு அந்த ஆலோசனைக் கடைகளே முக்கிய காரணம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர் நகர மாடிகளில் காய்கறி வளர்ப்போருக்கு அரசின் தோட்டக்கலைத் துறை பைகளும் விதையும் எருவும் அடங்கிய தொகுதிகளை 2013 அளவில் மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. எமது நாட்டிலேயே கொழும்புக்கு அண்மையிலுள்ள கெஸ்பேவ நகரசபைப் பகுதியில் கைவிடப்பட்ட வயல்களும் வீட்டு வளவுகளும் நகர விவசாயத்துக்காக மீட்கப்பட்டன. மேல் மாகாணத்துக்குச் சாத்தியமானது மத்திய மாகாணத்துக்கு ஏன் சாத்தியமாகாது?

இங்கேதான் காணி என்ற பழைய முள் காலில் தைக்கின்றது. பிரித்தானியா 1908 இல் இயற்றிய சட்டமொன்று, தொழிலாளர்கள் கேட்டால் பயிரிடச் சிறு நிலத் துண்டுகளை வழங்கும் கடப்பாட்டை அந்நாட்டு உள்ளூராட்சி மன்றங்கள் மீது சுமத்தியது. அதே காலத்தில் அதே நாட்டவர் இலங்கையில் நடத்திய தோட்டங்களில் தொழிலாளிக்கு லயன் வாசலில் உள்ள கைப்பிடி மண்ணும் துரையின் தயவிலேயே கிடைத்தது. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஆயினும் லயனுக்குப் பின்புறமுள்ள மரக்கறிப் பாத்தி இன்றும் வாய்மொழி அனுமதியின் மேல்தான் நிற்கின்றது. மறுநடுகை என்றால் பாத்தி போய்விடும். முகாமையாளர் மாறினால் அனுமதியும் மாறலாம். நாளை பறிபோகக் கூடிய மண்ணுக்கு இன்று எவர் எருவிடுவார்? 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த தொழிலாளர்கள் மீதான பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்ததை மலையகம் மறக்கவில்லை. காணிக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை மலையகத்தவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

தனி வீட்டுத் திட்டங்கள் இந்நிலையை ஓரளவு மாற்றத் தொடங்கியுள்ளன. 2017 மே 12 ஆம் திகதி நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மோடி, இந்திய உதவியுடனான வீடுகளோடு மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 1900 சதுர அடி. அதில் 550 சதுர அடியில் வீடு எழும். மலசலகூடம், நடைபாதை, வெட்டிய மண்மேடு ஆகியவற்றுக்கும் இடம் போக எஞ்சுவது சில பாத்திகளுக்கான நிலமே. அது சிறிதுதான். ஆயினும் முறையாகக் கற்றவர் கையில் அச்சிறு நிலம் ஒரு குடும்பத்தின் கீரையையும் கறிவேப்பிலையையும் கொச்சியையும் தரும். கற்காதவர் கையில் அது புல் மண்டிய மேடாகும். லயனில் இன்னும் வசிக்கும் பெரும்பான்மையினருக்கும், கடைமாடியில் குடியிருக்கும் நகரத்தாருக்கும் அதுவுமில்லை. பொதுத் தோட்டம் இம்மூன்று தரப்பினருக்கும் உரியது.

இதற்கு எதிராக நியாயமான சில ஐயங்கள் எழும் என்பதை நாம் அறிவோம். 'சம்பளத்தைக் கேட்டால் சாக்குப்பையில் கீரை வளர்க்கச் சொல்கிறார்கள்' என்று தொழிலாளர்கள் கசப்படையலாம். அக்கசப்பில் நியாயமுண்டு. பொதுத் தோட்டம் வாழ்க்கைச் செலவுக்கேற்ற சம்பளத்துக்கும் காணி உறுதிக்கும் ஒருபோதும் மாற்றாகாது. அவ்வாறு அதனைக் காட்டி உரிமைக் கோரிக்கைகளைத் தட்டிக்கழிக்க எவரேனும் முற்பட்டால் அதனை எதிர்ப்பதில் நாமே முன்னிற்போம். கீரை வளர்ப்பதால் சோறும் பருப்பும் மீனும் கிடைத்துவிடப் போவதில்லை. அது உணவுத் தட்டில் இன்று இல்லாத பச்சையைச் சேர்க்கும், அவ்வளவே. ஆனால் இரத்தச்சோகையால் வாடும் தாய்க்கும் வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் அந்தப் பச்சையின் பெறுமதி சிறியதன்று.

மற்றொரு ஐயம் பெண்களைப் பற்றியது. விடியலில் எழுந்து சமைத்து, பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறித்து, மாலையில் விறகும் தண்ணீரும் சுமக்கும் பெண்ணின் தலையில் இன்னொரு கூடையை ஏற்றுவதா? இதனாற்றான் தனித்தனி வீட்டுத்தோட்டத்தை விடக் கூட்டுத் தோட்டம் சிறந்தது என்கின்றோம். ஓய்வு பெற்ற தொழிலாளர்கள், பாடசாலை முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள், கொழும்பில் தொழில் இழந்து திரும்பியவர்கள் ஆகியோரிடம் நேரமுண்டு. ஆண்களும் முறையெடுக்கும் ஒழுங்கு ஆரம்பத்திலேயே எழுதப்பட வேண்டும். பிள்ளைக் காம்பராவுக்கு அன்றாடம் ஒரு பங்கு மரக்கறி போக வேண்டும் என்பதையும் அவ்வொழுங்கில் முதல் விதியாக வைக்கலாம்.

யார் இதனைச் செய்வது? பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளில் நிதி செலவிடுவதை 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் நீண்டகாலம் தடுத்து வந்தது. மலையகப் பிரதிநிதிகளின் தொடர் முயற்சியால் 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலில் தெரிவான சபைகளுக்கு இப்போது சாட்டுச் சொல்ல இடமில்லை. காணியைத் தோட்ட நிர்வாகம், பிரதேச செயலகம், பாடசாலை ஆகியவற்றில் ஒன்று குறைந்தது ஐந்தாண்டுக்கு எழுத்து மூலம் வழங்க வேண்டும். எழுத்து என்ற சொல்லை நாம் அழுத்திக் கூறுகின்றோம். மாகாண விவசாயத் திணைக்களம் போதனாசிரியரை வழங்க வேண்டும். சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் என்ற பாடத்தைப் பயிலும் மாணவர்களுக்குச் செய்முறைக் களமாக அத்தோட்டமே அமையலாம். கரும்பலகையில் கூட்டெரு வரைந்து புள்ளி பெறும் மாணவன் அதனைக் கையால் கிளறிப் பார்க்கவும் வேண்டுமல்லவா?

எஞ்சியது சமூகத்தின் பங்கு. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் உரிய வெற்று நிலங்கள் எமது நகரங்களில் உண்டு. அன்னதானத்தை உயர்ந்த அறமாகப் போற்றும் மரபும், மரம் நடுதலையும் பயிரிடுதலையும் தருமமாகக் கருதும் இஸ்லாமிய மரபும் இவ்விடயத்தில் ஒரே பாத்தியில் சந்திக்கின்றன. கடைவீதியில் நாள்தோறும் கழிக்கப்படும் மரக்கறிக் கழிவைக் கூட்டெருக் குழிக்குக் கொடுக்க வர்த்தகர் சங்கங்கள் முன்வந்தால் நகரத்தின் குப்பைப் பிரச்சினையில் ஒரு பகுதியும் தீரும். கஷ்ட காலங்களில் சமூகங்களுக்கிடையே வதந்தி விதைப்போர் எப்போதும் உண்டு. ஒரே வேலியை மூவின மக்களும் முறைவைத்துக் காக்கும் இடத்தில் அவ்விதை எளிதில் முளைக்காது.

அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று எவராலும் கூற முடியாது. அது மழையாக வரலாம், விலையாக வரலாம், எண்ணெய் இல்லாத லொறியாகவும் வரலாம். அப்போது மீண்டும் விதைப் பக்கற்றுகளோடு வாகனங்கள் மலையேறும் என்பது மட்டும் நிச்சயம். கூட்டெரு முதிர மூன்று மாதங்களேனும் வேண்டும். அமில மண் திருந்த ஒரு போகம் வேண்டும். ஒரு பிள்ளை வளர்வதற்கு முதல் ஆயிரம் நாட்கள் போன்ற காலம் திரும்பக் கிடைக்காது. நெருக்கடி வந்தபின் கற்கத் தொடங்குவோருக்கு இவற்றில் எதுவும் காத்திருக்காது. நோட்டன் பிரிட்ஜில் கால் ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுக்க ஒரு பேனையும் ஒரு கையொப்பமுமே தேவை. அக்கையொப்பத்தை இடும் அதிகாரம் உள்ளவர்கள் எவர் என்பது மலையக மக்களுக்குத் தெரியும். அவர்களிடம் அதனைக் கேட்டுப் பெறுவது இனி மக்களின் கடமை.